லாடி: நைரா நோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் முன்பக்கம் இருப்பவர் முர்தலா முகம்மது. 1975 ஜூலையில் ஆட்சிக்கு வந்து, 1976 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட ராணுவத் தலைவர். நோட்டைத் திருப்பினால் பானையோடு ஒரு பெண். அவர் லாடி குவாலி, அந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற மண்பாண்டக் கலைஞர்.

'லாடி' என்ற பெயருக்கு என்ன பொருள் என்று இணையத்தில் தேடினால், 'ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள், ஹவுஸா பெயர்' என்று ஒரு வரி கிடைக்கும். குழப்பம் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது. ஞாயிறு என்றால் கிறித்தவரா? ஹவுஸா என்றால் முஸ்லிமா? குவாலி என்பது குடும்பப் பெயரா? முதல் இரண்டையும் இந்தப் பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. மூன்றாவது இல்லை, குவாலி என்பது ஊர். அப்புறம் இன்னொன்று: அந்தப் பெண் ஹவுஸா இனத்தவரும் அல்லர்.

ஒரு கிழமையின் பெயர் இவ்வளவு தூரம் எப்படிப் பயணித்தது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

ஹவுஸா: மொழியும் நிலமும்

ஹவுஸா மக்களின் தாயகம் வடக்கு நைஜீரியாவும் அதை ஒட்டிய தெற்கு நைஜரும். கானோ, கட்சினா, ஜாரியா முதலியவை அவர்களுடைய பழைய நகர அரசுகள். மொழி ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பத்தின் சாடிக் கிளையைச் சேர்ந்தது. அதாவது அரபிக்கும் எபிரேயத்திற்கும் மிகத் தூரத்து உறவு. ஆனால் ஹவுஸாவில் கொட்டிக் கிடக்கும் அரபுச் சொற்கள் அந்தத் தூரத்து உறவால் வந்தவை அல்ல. பின்னாளில் வணிகமும் மதமும் கொண்டுவந்தவை.

14ஆம் நூற்றாண்டில் கானோ அரசவையில் இஸ்லாம் காலூன்றியது. 1804-ல் உஸ்மான் டன் ஃபோடியோ என்ற ஃபுலானி அறிஞர் தொடங்கிய புனிதப் போர், ஹவுஸா அரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தி சொகோட்டோ கலீஃபகத்தை உருவாக்கியது. 1903-ல் அது பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தது. இந்த வரலாற்றில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஹவுஸா வெறும் ஓர் இனத்தின் மொழியாக நிற்கவில்லை. சந்தையும் நிர்வாகமும் படைமுகாமும் அதைப் பேசியதால், வடக்கு நைஜீரியாவின் பல சிறு இனங்கள் அதைப் பொதுமொழியாக எடுத்துக்கொண்டன. பொதுமொழி வரும்போது பெயர்களும் கூடவே வரும்.

கிழமையிலிருந்து பெயர்

ஹவுஸாவில் ஞாயிற்றுக்கிழமை 'லஹாடி'. இது அரபியின் 'அல்-அஹத்', அதாவது 'ஒன்று', வாரத்தின் முதல் நாள். லஹாடி தேய்ந்து 'லாடி' ஆனது. சூரியனுக்கோ தேவாலயத்திற்கோ இங்கே வேலையே இல்லை. எண்ணிக்கைப்படி வேரைத் தோண்டினால் லாடி என்பவள் 'ஒன்று'தான்.

மற்ற நாட்களும் பெரும்பாலும் எண்களே. பெண் பெயரும் ஆண் பெயரும் இப்படி வரும்:

1. ஞாயிறு (லஹாடி): லாடி, ஆணுக்கு டன்லாடி.
2. திங்கள் (லிட்டினின், அரபியில் 'இரண்டு'): டானி அல்லது அல்டினே, ஆணுக்கு டனிமு.
3. செவ்வாய் (டலாட்டா, 'மூன்று'): டலாட்டு, ஆணுக்கு டன்டாலா.
4. புதன் (லரபா, 'நான்கு'): லாராய் அல்லது பலாரபா, ஆணுக்கு பாலா.
5. வியாழன் (அல்ஹமிஸ், 'ஐந்து'): லாமி, ஆணுக்கு டன்லாமி.
6. வெள்ளி (ஜும்மா, 'கூடுதல்', தொழுகைக்குக் கூடும் நாள்): ஜும்மாய், ஆணுக்கு டன்ஜுமா.
7. சனி (அசபார், அரபியில் 'சப்த்'): அசாபே அல்லது அசிபி, ஆணுக்கு டன்அசாபே.

புதன்கிழமைப் பையனான அந்த 'பாலா'வுக்கும் நம் ஊர் பாலாக்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நைஜீரியச் செய்தியில் இந்தப் பெயரைப் பார்த்ததும் 'நம்ம ஆள்' என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு நுணுக்கம். இஸ்லாமியக் கணக்கில் நாள் தொடங்குவது சூரியன் மறைந்த பிறகு. ஹவுஸாவிலும் 'டரேன் லஹாடி', அதாவது 'ஞாயிறின் இரவு' என்றால் நாம் சனிக்கிழமை இரவு என்று சொல்வது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பிறந்த பெண் குழந்தை, இந்தக் கணக்கில் அசாபே அல்ல, லாடி. மருத்துவமனைச் சான்றிதழில் உள்ள தேதியையும் பெயரையும் ஒப்பிட்டு 'பெயர் தப்பாக இருக்கிறதே' என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கிழமைப் பெயர் என்றதும் பலருக்கு கானா நினைவுக்கு வரும். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் 'கோஃபி' வெள்ளிக்கிழமைப் பெயர். குவாமே நிக்ருமாவின் 'குவாமே' சனிக்கிழமைப் பெயர். ஆனால் அந்த அக்கான் மக்களின் நாட்பெயர்கள் அவர்களுடைய சொந்த மொழிச் சொற்கள். ஹவுஸா வாரமோ அரபியிலிருந்து வந்தது. கடன் வாங்கிய வாரத்தை உள்ளூர்ப் பழக்கத்திற்கு வளைத்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. லாடியின் வேர்ச்சொல் அரபு. ஆனால் அது இஸ்லாமியப் பெயர் அல்ல. ஹவுஸாக்காரர்களே அதை 'சுனான் கர்கஜியா', அதாவது மரபுப் பெயர் என்ற வகையில்தான் வைக்கிறார்கள்.

'டன்' என்ற முன்னொட்டு

ஆண் பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் 'டன்' என்பதற்கு அகராதிப் பொருள் 'மகன்'. ஹவுஸா எழுத்தில் இந்த 'ட'கரத்தின் தலையில் ஒரு சிறு கொக்கி இருக்கும். காற்றை உள்ளிழுத்தபடி ஒலிக்கும் ஒலி அது. ஆங்கிலப் பத்திரிகைகள் கொக்கியை விட்டுவிடுகின்றன.

டன்லாடியை 'லாடியின் மகன்' என்று மொழிபெயர்த்துவிட்டு, அவனுடைய அம்மாவின் பெயர் லாடி என்று எழுதுபவர்கள் உண்டு. அது பிழை. டன் என்பது ஹவுஸாவில் மகனைத் தாண்டி வெகுதூரம் போகும் சொல். 'டன் கானோ' கானோ ஊர்க்காரன். 'டன் கசுவா' சந்தைக்காரன், அதாவது வணிகன். 'டன் வாசா' விளையாட்டுக்காரன். பன்மையில் டன் 'யன்' ஆகும்: 'யன் சண்டா' என்றால் தடிக்காரர்கள், போலீஸ். கடத்தல் செய்திகளில் அடிக்கடி வரும் 'யன் பிண்டிகா' துப்பாக்கிக்காரர்கள். நம்முடைய '-காரன்' விகுதி செய்யும் வேலையை அங்கே டன் முன்னால் நின்று செய்கிறது. டன்லாடி 'ஞாயிற்றுக்கிழமைக்காரன்', அவ்வளவுதான்.

உண்மையிலேயே ஒரு பெண்ணின் பெயரோடு டன் சேர்ந்து நிலைத்த கதையும் உண்டு. 1877-ல் பிறந்து 1955-ல் இறந்த அல்ஹசன் டன்டாட்டா, நிலக்கடலையிலும் கோலாக் கொட்டையிலும் வணிகம் செய்து மேற்கு ஆப்பிரிக்காவின் பெரும் செல்வந்தரானவர். தந்தை இறந்த பிறகு சிறுவனை வளர்த்தது குடும்பத்தின் அடிமைப் பெண் ஒருவர். அவரை எல்லோரும் டாட்டா என்று அழைத்தார்கள். 'டாட்டாவின் பிள்ளை' என்ற கேலியோ செல்லமோ, அதுவே பையனின் பெயரானது. பிறகு ஒரு பெரும் குடும்பத்தின் பெயரானது. சிமென்ட் தொழிலில் ஆப்பிரிக்காவின் முதல் பணக்காரராக அறியப்பட்ட அலிகோ டங்கோட்டே இவருடைய கொள்ளுப்பேரன்.

காதில் சொல்லும் பெயர், வாயில் வழங்கும் பெயர்

ஹவுஸா முஸ்லிம் குடும்பத்தில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் 'சுனா'. சுனா என்ற சொல்லுக்கே 'பெயர்' என்றுதான் பொருள். காலையிலேயே ஆண்கள் வாசலில் கூடுவார்கள். மாலம் எனப்படும் சமய ஆசிரியர் துவா ஓதுவார்; கோலாக் கொட்டை பங்கிடப்படும்; செம்மறிக் கடா அறுக்கப்படும். வன்சாமி என்று அழைக்கப்படும் நாவிதர் குழந்தையின் தலையை மழிப்பார். பெயர் குழந்தையின் காதில் ஓதப்பட்டு, பிறகு கூட்டத்திற்கு அறிவிக்கப்படும். இந்தச் செயலுக்கு 'ராடின் சுனா' என்று பெயர். 'ராடா' என்றால் காதோடு கிசுகிசுத்தல்.

இந்த நாளில் கிடைப்பது 'சுனான் யன்கா', நேர்ப்பொருளில் 'அறுப்பின் பெயர்': கடா அறுத்துச் சூட்டிய பெயர். பெரும்பாலும் அது முகம்மது, அபூபக்கர், ஃபாத்திமா, ஹதீஜா போன்ற இஸ்லாமியப் பெயர்தான். பள்ளிச் சான்றிதழிலும் திருமண ஒப்பந்தத்திலும் இடம்பெறுவது இதுவே.

கிழமைப் பெயரோ சூட்டப்படுவதே இல்லை. அது பிறக்கும்போதே குழந்தையோடு வந்துவிடுகிறது. ஞாயிறன்று பிறந்தவள் லாடி. இதற்கு மாலமும் வேண்டாம், கடாவும் வேண்டாம். ஏழாம் நாள் வரை அழைக்க வேறு சொல் இல்லாத வீட்டில், அது எவ்வளவு வசதியானது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏழாம் நாளில் 'உண்மையான' பெயர் வந்துவிட்டதே, அதற்குப் பிறகும் எழுபது வயது வரை ஒருத்தி ஏன் லாடியாகவே இருக்கிறாள்? இந்தக் கேள்விக்கு 'செல்லப் பெயர்' என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதாது. செல்லத்தை விட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது.

குன்யா: சொல்லக்கூடாத பெயர்கள்

ஹவுஸா சமூகத்தின் அடிப்படைச் சொற்களில் ஒன்று 'குன்யா'. வெட்கம், அடக்கம், மரியாதையால் வரும் விலகல் எல்லாம் கலந்த சொல் அது. குன்யா இல்லாதவர் என்று ஒருவரைச் சொன்னால் அது கடுமையான வசை. இந்தக் குன்யா மிகக் கறாராக வேலை செய்யும் இடங்களில் ஒன்று, பெயரை உச்சரிப்பது.

1. மனைவி கணவனின் பெயரைச் சொல்வதில்லை. 'மைகிடா' என்பார். 'மை' என்றால் உடையவர், 'கிடா' என்றால் வீடு. தமிழில் 'வீட்டுக்காரர்' என்று ஒரு தலைமுறை சொன்னதே, எழுத்துக்கு எழுத்து அதே சொல்.

2. மாமனார், மாமியார் பெயரையும் மருமகள் சொல்வதில்லை.

3. தாய் தன் முதல் குழந்தையின் பெயரைச் சொல்வதில்லை. பழைய பழக்கத்தில் பலர் முன்னிலையில் அந்தக் குழந்தையைக் கொஞ்சுவதும் இல்லை. இதற்குத் தனிப் பெயரே உண்டு: 'குன்யர் டன் ஃபாரி', தலைப்பிள்ளை வெட்கம்.

இந்த மூன்றையும் இன்னொரு பழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள்: குழந்தைக்குத் தாத்தா பாட்டியின் பெயரை வைப்பது. மாமனார் பெயர் சுலைமான். பிறந்த பேரனுக்கும் சுலைமான் என்று பெயர் சூட்டியாகிவிட்டது. அது முதல் பிள்ளை வேறு. இப்போது அந்தத் தாய் தன் மகனை எப்படி அழைப்பாள்? மாமனார் பெயர் என்பதால் ஒரு தடை, தலைப்பிள்ளை என்பதால் இன்னொரு தடை. கடா அறுத்து, ஊரைக் கூட்டிச் சூட்டிய பெயரைப் பெற்றவளே வாயில் எடுக்க முடியாது!

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற ஹவுஸா பல வழிகளை வைத்திருக்கிறது. குழந்தையை 'பாபா' (அப்பா) என்றோ 'கக்கா' (தாத்தா, பாட்டி) என்றோ 'அல்ஹாஜி' என்றோ அழைப்பார்கள். இரண்டு வயதுப் பிள்ளையை ஒரு பெண் 'அல்ஹாஜி, இங்கே வா' என்று அழைத்தால், அந்தக் குழந்தை மக்காவுக்குப் போய்வந்தது என்று பொருளல்ல. அவன் தாத்தா போய்வந்தவராக இருப்பார். 'மை சுனான் பாபா', 'அப்பா பெயர்க்காரன்' என்றும் சொல்வதுண்டு.

ஒவ்வொரு பெரிய பெயருக்கும் நிலைத்த மாற்றுப் பெயர்களும் உண்டு. அபூபக்கருக்கு கர்பா, இப்ராஹிமுக்கு ஈரோ, உமருக்கு சண்டா, சுலைமானுக்கு சூலே, ஃபாத்திமாவுக்கு பின்டா, ஹதீஜாவுக்கு டிஜே, மர்யமுக்கு மைரோ. இதில் சில வெறும் தேய்வு. சில தொடர்பே இல்லாதவை. ஆனால் ஹவுஸா பேசுபவருக்கு கர்பா என்றால் அபூபக்கர் என்பது சொல்லாமலே தெரியும்.

இந்த வழிகளில் மிகச் சுலபமானது கிழமைப் பெயர். அது யாருடைய நினைவையும் சுமப்பதில்லை. தாத்தாவைச் சுட்டாது, நபியின் தோழரைச் சுட்டாது. எனவே யாரும் எப்போதும், கோபத்தில்கூட, தாராளமாகச் சொல்லலாம். குழந்தையைத் திட்டும்போது மாமனார் பெயர் வாயில் வந்துவிடுமோ என்ற பயம் இல்லை. சுனான் யன்கா மதிப்புக்கு உரிய பெயர். அந்த மதிப்பு கெடாமல் இருப்பதற்காகவே இன்னொரு பெயர் அன்றாடம் தேய வேண்டியிருக்கிறது. லாடி அந்தத் தேயும் பெயர். அதைச் 'சிறிய' பெயர் என்று ஒதுக்குவது, வீட்டில் தினமும் புழங்கும் பாத்திரத்தைப் பரணில் இருக்கும் வெள்ளிக் குத்துவிளக்கோடு ஒப்பிடுவது போன்றது.

கிழமை மட்டுமல்ல

பிறந்த சூழலைச் சொல்லும் பெயர்க் குடும்பத்தில் கிழமைப் பெயர் ஒரு கிளைதான். மற்ற கிளைகளில் சில:

வரிசையைச் சொல்பவை. தொடர்ந்து பெண்கள் பிறந்த பிறகு வரும் பையன் டாங்கோ. தொடர்ந்து பையன்கள் பிறந்த பிறகு வரும் பெண் கண்டே. கடைக்குட்டி ஆவுட்டா. இரட்டையர் என்றால் ஹசன், ஹுசைனி. பெண்கள் என்றால் ஹசனா, ஹுசைனா. இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கும் குழந்தை கம்போ. கம்போ என்ற ஒருவரைச் சந்தித்தால், அவருக்கு மூத்த இரட்டையர் உண்டு என்பது கேட்காமலே தெரிந்துவிடும். டன் ஃபோடியோவின் மகளும் பெரும் கவிஞருமான நானா அஸ்மாவு (1793–1864) ஓர் இரட்டைப் பிறவி. உடன்பிறந்தவர் பெயர் ஹசன். வழக்கப்படி அவர் ஹுசைனா ஆகியிருக்க வேண்டும். அவர் தந்தை வழக்கத்தை மீறினார்.

காலத்தைச் சொல்பவை. நோன்பு மாதத்தில் பிறந்த பெண் அசூமி. 'அசூமி' என்றாலே நோன்பு. பெருநாளில் பிறந்தவன் சல்லாவு. மழை பெய்யும்போது பிறந்தவனுக்கு அனருவா, 'மழை பெய்கிறது' என்ற முழு வாக்கியமே பெயர். குறித்த காலம் தாண்டியும் வயிற்றிலிருந்து வராமல் அடம்பிடித்த குழந்தை ஷெகராவு. 'ஷெகரா' என்றால் ஆண்டு. கானோ மாநிலத்தின் ஆளுநராக 2003 முதல் 2011 வரை இருந்த இப்ராஹிம் ஷெகராவுவின் பெயரில் இருப்பது இந்தச் சொல்தான்.

சாவை ஏமாற்றுபவை. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில் அடுத்த குழந்தையை யாரும் பெரிதாக விரும்பாதது போலக் காட்டுவார்கள். குப்பைமேட்டில் சற்று நேரம் கிடத்திவிட்டு எடுத்து வருவார்கள்; அந்தக் குழந்தை அஜுஜி, 'குப்பைமேட்டில்'. பராவு என்பது 'விட்டுவைக்கப்பட்டவன்'. குப்பம்மாள், பிச்சை என்ற பெயர்களைப் பாட்டன் காலத்தில் கேட்ட தமிழருக்கு இதன் தர்க்கத்தை விளக்கவே தேவையில்லை.

அரபு எண்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரே குடும்பத்தில் பல முகம்மதுகள் இருந்தால், பெயருக்குப் பின் அவ்வல் அல்லது லாவல் (முதலாமவர்), சானி (இரண்டாமவர்), சாலிசு (மூன்றாமவர்), ரபியு (நான்காமவர்), ஹமிசு (ஐந்தாமவர்) என்று சேர்ப்பார்கள். நாளடைவில் அந்த எண்ணே தனிப்பெயராக நிற்கும். 1993 முதல் 1998 வரை நைஜீரியாவை ஆண்ட சானி அபாச்சாவின் 'சானி' இந்த 'இரண்டு'.

மதத்தையும் இனத்தையும் தாண்டிய லாடி

இப்போது நோட்டின் பின்பக்கத்திற்குத் திரும்பலாம். லாடி குவாலி பிறந்தது இன்றைய அபுஜாவுக்கு அருகிலுள்ள குவாலி கிராமத்தில். அவர் குவாரி என்றும் அழைக்கப்படும் பாக்யி இனத்தவர். சக்கரம் இல்லாமல், மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கிப் பானை வனையும் கலையை அத்தையிடம் கற்றார். பானையைச் சுற்றி அவர் நடந்தபடி வனைவார், பானை சுற்றாது. அவருடைய பானைகள் அன்றைய அபுஜாவின் அமீர், அதாவது உள்ளூர் ஆட்சியாளரின் அரண்மனையில் இருந்தபோது அவற்றைப் பிரிட்டிஷ் குயவர் மைக்கேல் கார்டூ பார்த்தார். 1954-ல் கார்டூவின் பயிற்சி மையத்தில் லாடி சேர்ந்தார். 1977-ல் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1984-ல் இறந்தார்.

அவர் பிறந்த ஆண்டை எல்லா நூல்களும் 'சுமார் 1925' என்றே எழுதுகின்றன. பதிவேடு இல்லாத கிராமம். ஆண்டு தெரியாது, மாதம் தெரியாது. கிழமை மட்டும் பெயரில் இருக்கிறது.

பாக்யி பெண் ஏன் ஹவுஸா கிழமையைப் பெயராகக் கொண்டிருந்தார்? சந்தை மொழி ஹவுஸா என்பதால். கிழமைப் பெயரை எடுத்துக்கொள்ள எந்த நம்பிக்கையும் தேவைப்படவில்லை. வாரம் எல்லோருக்கும் பொது. நபியின் மகளுடைய பெயரை எடுத்துக்கொள்வது ஓர் அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வது அப்படி அல்ல.

இதற்கு இன்னும் கூர்மையான சான்று, நைஜீரியாவின் முன்னாள் ராணுவத் தளபதி தியோஃபிலஸ் டன்ஜுமா. டராபா மாநிலத்தின் டக்கும் ஊரைச் சேர்ந்த கிறித்தவர். முதல் பெயர் கிரேக்கம், 'கடவுளின் நண்பன்'. பின்பெயர் முஸ்லிம்களின் கூட்டுத் தொழுகை நாளால் வந்த 'வெள்ளிக்கிழமைக்காரன்'. பெயரைப் பார்த்து மதம் சொல்பவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள். டன்ஜுமா என்பது அவருடைய தந்தையின் பெயரிலேயே இருந்தது. ஆனாலும் மகன் பிறந்த 1938 டிசம்பர் 9 என்ன கிழமை என்று பார்த்தால், வெள்ளி.

தெற்கு நைஜீரியாவில் 'சண்டே' என்றே பெயர் வைப்பது சாதாரணம். 2013 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த சண்டே எம்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். பொருள் டன்லாடிதான், வந்த வழி ஆங்கிலம்.

செய்தியில் வரும் பெயரைப் பிரித்துப் படிக்க

1. பின்னால் வருவது குடும்பப் பெயர் என்று நினைக்க வேண்டாம். பல சமயம் அது தந்தையின் சொந்தப் பெயர். கால்பந்து வீரர் அகமது மூசாவின் 'மூசா' அவருடைய அப்பா. இனிஷியல் போடும் தமிழருக்கு இது சிரமமில்லை. இனிஷியலை விரித்துப் பின்னால் வைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். நோட்டின் முன்பக்கத்தில் இருக்கும் முர்தலா முகம்மதுவின் 'முகம்மது'வும் தந்தைவழிதான்.

2. அல்லது அது ஊர். லாடி குவாலி, அமினு கானோ, முதல் பிரதமர் அபூபக்கர் டஃபாவா பலேவா எல்லோரும் ஊரைச் சுமப்பவர்கள். 1979 முதல் 1983 வரை அதிபராக இருந்த ஷெஹு உஸ்மான் அலியு ஷகாரியின் பெயர் இதற்கு நல்ல பயிற்சி. 'ஷெஹு' என்பது ஷேக். ஆனால் இங்கே பட்டம் அல்ல. 'ஷெஹு உஸ்மான்' என்றாலே டன் ஃபோடியோ. அவர் நினைவாக வைத்த முழுப் பெயர் அது. 'அலியு' தந்தை. 'ஷகாரி' ஊர்.

3. அந்த டன் ஃபோடியோவின் பெயரில் மூன்று மொழிகள் இருக்கின்றன. உஸ்மான் அரபி, டன் ஹவுஸா, ஃபோடியோ என்பது ஃபுலானி மொழியில் 'கற்றறிந்தவர்'. கற்றறிந்தவரின் மகன்.

4. அரபுப் பெயர்கள் ஹவுஸாவில் உருமாறும். முர்தலா என்பது அரபியின் 'முர்தழா'. ரிள்வான் 'ரில்வானு' ஆகும். அரபியின் அந்தக் கனத்த ஒலி ஹவுஸாவில் லகரமாகிறது. தமிழ் முஸ்லிம்கள் 'ரமலான்' என்று சொல்லும்போது நடப்பதும் அதுவே. கடைசியில் உகரம் சேர்வதும் பொது: அங்கே முகம்மது 'முகம்மடு', யாகூப் 'யாகுபு'.

5. நைஜரில் பிரெஞ்சு எழுத்துமுறை. அதன் முன்னாள் அதிபர் மஹமடு இசூஃபு என்ற பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். அது முகம்மதும் யூசுஃபும்தான்.

6. ஊர்ப் பெயர்களிலும் ஆட்கள் ஒளிந்திருப்பார்கள். நைஜீரியத் தலைநகர் அபுஜாவின் பெயர் 1828-ல் ஒரு சிற்றரசை நிறுவியவரிடமிருந்து வந்தது: 'அபு' அபூபக்கரின் சுருக்கம், 'ஜா' என்றால் சிவப்பு, சிவந்த நிறத்து அபு. 1976-ல் புதிய தலைநகருக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு, பழைய ஊர் சுலேஜா ஆனது. 'சூலே' என்பது அன்றைய அமீர் சுலைமானு பராவுவின் சுருக்கம். பராவு, மேலே பார்த்த அதே 'விட்டுவைக்கப்பட்டவன்'. லாடியின் பானைகளை அரண்மனையில் வைத்திருந்தவர் இவர்தான்.

7. கடைசியாக, லாடி என்று கண்டதெல்லாம் இந்த லாடி அல்ல. தென்மேற்கின் யொரூபா மொழியில் 'ஒலா' என்று தொடங்கும் நீண்ட பெயர்களைச் சுருக்கி லாடி என்பார்கள். அது பெரும்பாலும் ஆண் பெயர், கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் வருவது குவாலியா, ஒரு யொரூபா பெயரா என்று பார்த்துவிட்டு பெண் என்றோ ஆண் என்றோ எழுதுவது நல்லது.